யளனகப

குளத்தூரில் எங்களுக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியரின் வீட்டு முன்னறையில், சன்னலோரத்து மரமேசையின் மீது, 2004ஆம் ஆண்டில் வாங்கப்பட்ட கணினி ஒன்று இருக்கிறது. பென்டியம் 4 செயலாக்கி, 256 மெகாபைட் நினைவகம், 40 கிகாபைட் வன்தட்டு, பதினைந்து அங்குலக் குழாய்த்திரை. பழைய சேலையில் தைத்த உறை ஒன்று அதற்கு உண்டு. மாலையில் அந்த உறை விலகினால் சார் எழுத உட்கார்ந்துவிட்டார் என்று பொருள். அவர் ஓய்வு பெற்ற பிறகான இருபது ஆண்டுகளில் உறை விலகாத மாலைகள் குறைவு.

அவர் எழுதுவது கதையோ கவிதையோ அல்ல. சொற்கள். கரிசல் காட்டில் மண்ணுக்கும் மழைக்கும் மாட்டுக்கும் பசிக்கும் வழங்கிவரும் சொற்களைக் கேட்ட இடத்திலேயே துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு வந்து, இரவில் தட்டச்சு செய்து வைப்பார். கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி முன்னமே இருக்கிறதே என்று ஒருமுறை கேட்டோம். "அது இடைசெவல் பக்கத்துக் கரிசல். நம்ம பக்கம் கடக்காத்து அடிக்கும். சொல்லும் மாறும்" என்றார். விளாத்திகுளம் வட்டாரத்தில், உப்பளத்துக்கும் பருத்திக்காட்டுக்கும் நடுவில் கிடக்கும் ஊரில் நின்றுகொண்டு சொல்லும்போது அதில் நியாயம் இருக்கத்தான் செய்தது.

2024 ஆடி மாதத்தில் அந்தக் கணினி நின்று நின்று இயங்கத் தொடங்கியது. நீலத்திரை தோன்றும், மறுபடி தொடங்கினால் சற்று நேரம் ஓடும், மீண்டும் நீலத்திரை. கோவில்பட்டிக்குக் கொண்டுபோனபோது கடைக்காரத் தம்பி மூடியைக்கூடத் திறக்கவில்லை. "சார், இது காயலான் கடைக்குத்தான்" என்றார். எட்டயபுரம், விளாத்திகுளம் வழியாகப் பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு திரும்பிவந்த ஆசிரியர், அன்று மாலை எங்கள் மூவரையும் அழைத்துவரச் சொன்னார்.

நாங்கள் மூவரும் அவருடைய மாணவர்கள். ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் மருந்துக்கடை வைத்திருப்பவர், ஒருவர் விவசாயம். சிற்றிதழ்கள் வாங்கிப் படிப்பதும், கிடைத்ததைப் பற்றி ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவதுமே எங்களை இணைத்த தகுதி. கணினியில் நாங்கள் மூவரும் கற்றுக்குட்டிகள். அதையும் சொல்லிவிட வேண்டும். பின்னால் நாங்கள் செய்த பிழைக்கு அதுவே காரணம்.

*

புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்கத் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது. அவருடைய மகன் சில ஆண்டுகளுக்கு முன் அனுப்பிய மடிக்கணினி ஒன்று பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. எடுத்து வைத்தால் ஐந்து நிமிடத்துக்கு மேல் அவருக்கு அதில் கை ஓடாது. அவர் இளம்வயதில் தட்டச்சுப் பயிலகத்தில் படித்தவர். யளனகப, யளனகப என்று விரல் வீங்க அடித்துப் பழகியவர். அந்தப் பழக்கத்தில் பாமினி எழுத்துருவில் எழுதுபவர். மடிக்கணினியின் தட்டையான விசைகளில் அவருடைய விரல்களுக்கு இடம் தெரிவதில்லை. பழைய விசைப்பலகையிலோ எழுத்துகள் அழிந்து பல ஆண்டுகளாகின்றன; அவருக்கு அவை தேவைப்படவும் இல்லை.

ஆகவே பழைய பெட்டியையே பிழைக்க வைப்பது என்று முடிவாயிற்று.

முதலில் உடம்பைப் பார்த்தோம். மூடியைத் திறந்ததும் கரிசல் புழுதி கைப்பிடியளவு கொட்டியது. மின்வழங்கிப் பெட்டிக்குள் பல்லி ஒன்று செத்துக் காய்ந்திருந்தது. தாய்ப்பலகையில் நான்கு மின்தேக்கிகள் தலை வீங்கி நின்றன. 2000ஆம் ஆண்டை ஒட்டிய சில வருடங்களில் உற்பத்தியான மின்தேக்கிகளில் பல, உள்ளிருக்கும் வேதிக் கலவையின் குறையினால் இப்படி வீங்கி வெடித்தன. உலகம் முழுவதும் பெரிய நிறுவனங்களின் கணினிகள்கூட அதற்குத் தப்பவில்லை. எங்கள் ஊரில் இதற்கு வைத்தியம் டிவி மெக்கானிக்கிடம் இருந்தது. அவர் பலகையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கண்டென்சர் போயிருக்கு, அம்புட்டுத்தான்" என்று பற்றவைப்புக் கோலை எடுத்தார். கோவில்பட்டியில் கைமாறிய நினைவகச் சில்லுகள் இரண்டு வாங்கி ஒரு கிகாபைட் ஆக்கினோம். நாணய வடிவப் பேட்டரி தீர்ந்துபோயிருந்ததால், ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் கணினி நாள் மறந்து பழைய ஆண்டொன்றுக்குப் போய் நின்றுகொண்டிருந்தது. எந்தப் பாதுகாப்பான இணையதளமும் திறக்காததற்கு இதுவும் ஒரு காரணம்: தளத்தின் சான்றிதழ் இனிமேல்தான் பிறக்கப்போகிறது என்று அந்த இயந்திரம் நம்பிக்கொண்டிருந்தது. புதிய பேட்டரி போட்டதும் அது நிகழ்காலத்துக்கு வந்தது.

இனி உயிர்.

அதில் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி. 2001இல் வெளிவந்த அந்த இயங்குதளத்துக்கு மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரல் 8ஆம் நாளோடு ஆதரவை நிறுத்திக்கொண்டது. பயர்பாக்ஸ் உலாவியும் 2018இல் அதைக் கைவிட்டது. மேலே ஏறலாம் என்றால் படிகள் உயரமாகிக்கொண்டே போயின. விஸ்டா 512 மெகாபைட் நினைவகம் கேட்டது. விண்டோஸ் 7 ஒரு கிகாபைட் கேட்டது. அதன் ஆதரவும் 2020 ஜனவரியில் முடிந்துவிட்டது. விண்டோஸ் 8, செயலாக்கியிலேயே என்.எக்ஸ். என்றொரு பாதுகாப்பு வசதி வேண்டும் என்றது. எங்கள் பென்டியத்தில் அது இல்லை. விண்டோஸ் 11 கேட்கும் 64 பிட் செயலாக்கி, 4 கிகாபைட் நினைவகம், டி.பி.எம். 2.0 சில்லு ஆகியவற்றைப் பற்றி இங்கே பேச வேண்டியதே இல்லை.

எஞ்சியது லினக்ஸ். தமிழ்நாட்டுக்கு அது அந்நியமானதன்று. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட் நிறுவனத்தின் பொறுப்பில் இருந்த காலத்தில் அரசுப் பணிகளுக்கு சூசே லினக்ஸைக் கொண்டுவர முனைந்ததும், சென்னை சி-டாக் 2007இல் 'பாஸ்' என்ற இந்திய லினக்ஸை வெளியிட்டதும் பலருக்கு நினைவிருக்கலாம். நாங்கள் தேர்ந்தது, டெபியன் 12ஐ அடிப்படையாகக் கொண்டு 2023இல் வந்த ஆன்டிக்ஸ். 32 பிட் இயந்திரங்களை அது இன்னும் மதிக்கிறது. கொஞ்சம் நினைவகத்தோடு குடித்தனம் நடத்தத் தெரிந்தது.

விரலியிலிருந்து தொடங்க எங்கள் தாய்ப்பலகைக்குத் தெரியாது. குறுந்தகட்டில் 'பிளாப்' என்ற சிறிய தொடக்கநிரலை எழுதி, முதலில் அதை எழுப்பி, அது போய் விரலியை எழுப்ப வேண்டியிருந்தது. ஒருவரை எழுப்ப இன்னொருவரை எழுப்பும் இந்தச் சுற்றுவழி மூன்றாம் நாள் இரவுதான் கைகூடியது. திரையில் எழுத்துகள் அருவிபோல் இறங்கியபோது நாங்கள் கைதட்டினோம். உள்ளேயிருந்து அம்மா, "யய்யா, வந்துருச்சா? காப்பி போடட்டுமா?" என்று கேட்டார்.

*

அந்தக் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் நாங்கள் செய்திருந்த காரியம் தெரியவந்தது.

நிறுவுவதற்கு முன் "கோப்புகள் எங்கே சார் இருக்கு?" என்று கேட்டிருந்தோம். "எல்லாம் டி-யில்" என்றார். டி பகுதியை முழுவதுமாக நகலெடுத்துக்கொண்டு, சி பகுதியை அழித்து அதில் புதிய தளத்தை நிறுவினோம். டி-யில் அவருடைய சொற்கள் இருந்தன. ஆனால் அந்த ஆண்டுப் பொங்கலுக்குப் பிறகு எழுதியவை இல்லை. வேறொரு கோளாறுக்குப் பிறகு அவர் எல்லாவற்றையும் முகப்புத் திரையிலேயே சேமிக்கத் தொடங்கியிருந்தார். முகப்புத் திரையில் இருப்பது சி-யில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும், ஆனால் பார்க்கவில்லை.

ஏறக்குறைய ஆறு மாதத்துச் சொற்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்ட தொகுப்பில் அது சிறிய பகுதிதான் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். ஆனால் அந்த மாதங்களில்தான் அவர் தம் சொந்த அத்தையிடமிருந்து கேட்டு எழுதியிருந்தார். அத்தை சித்திரையில் காலமாகிவிட்டார். துண்டுத்தாள்களைத் தட்டச்சு செய்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடுவது அவர் வழக்கம்.

யார் சொல்வது என்று நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது அவரே புரிந்துகொண்டார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, ஞாபகத்துல இருக்கத அடிச்சிருவோம்" என்றார். திட்டியிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

மறுநாளே அவர் உட்கார்ந்துவிட்டார். இங்கே ஒரு வியப்பைச் சொல்ல வேண்டும். இயங்குதளம் மாறியது அவருடைய விரல்களுக்குத் தெரியவே இல்லை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கணினிக்குத் தமிழ் என்பதே தெரியாது. 'பாரதி' என்று அடித்தால் வன்தட்டில் பதிவது ஜி, எச், யு, ஜே, பி என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள்தாம். அந்த ஐந்துக்கும் தமிழ் வேடம் கட்டித் திரையில் நிறுத்துகிறது எழுத்துரு. ஆகவே எழுத்துருக் கோப்பை மட்டும் புதிய தளத்துக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் யளனகப அப்படியே ஓடியது. லிப்ரே ஆபீஸ் திறக்க நீண்ட நேரம் எடுத்துக்கொண்டது. "எக்ஸ்பியும் அப்படித்தானே முக்கும்" என்று அவர் பெருந்தன்மையாகச் சொன்னார்.

நாங்கள் இன்னொரு பக்கம் வேலை செய்தோம். பழைய வன்தட்டைக் கழற்றி (அவருக்கு வேறொரு வன்தட்டு போட்டுக்கொடுத்து), இணைப்பி ஒன்றின் வழியாக வேறு கணினியில் மாட்டி, 'போட்டோரெக்' என்ற மீட்பு நிரலை ஓட்டினோம். கோப்பின் பெயரையோ இருந்த இடத்தையோ அது கேட்பதில்லை. வட்டின் ஒவ்வொரு துண்டையும் தடவி, இது ஒரு கோப்பின் தொடக்கம்போல் இருக்கிறதே என்று தோன்றுவதையெல்லாம் எடுத்துப் போடும். புதிய தளம் ஏறி உட்கார்ந்த இடங்களில் இருந்தவை போனவைதாம். ஏறாத இடங்களில் இருந்தவை கிடைக்கலாம். மூன்று இரவுகள் ஓடியது. பெயர் இழந்து, எண் மட்டும் தாங்கிய ஆயிரக்கணக்கான கோப்புகள் வந்து விழுந்தன. அவற்றுள் சாரின் சொற்கள் ஏறத்தாழ முக்கால்வாசி இருந்தன. மீதி கால்வாசி என்றைக்குமாகப் போயிற்று. அதற்கு நாங்களே பொறுப்பு.

*

இப்போது எங்களிடம் இரண்டு தொகுதிகள் இருந்தன: மீட்டெடுத்தது ஒன்று, அவர் நினைவிலிருந்து மறுபடி அடித்தது ஒன்று. இரண்டையும் சேர்க்க வேண்டும். அதற்கு முன் எல்லாவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றிவிடுவது என்று தீர்மானித்தோம்.

இதை ஏன் முன்பே செய்யவில்லை என்பது நியாயமான கேள்வி. தமிழ் இணையத்தில் இருந்தவர்கள் இந்தப் போராட்டத்தை 2000ஆம் ஆண்டுகளிலேயே கடந்துவிட்டார்கள். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் சங்க இலக்கியம் தொட்டுத் தட்டச்சு செய்தவற்றை முதலில் திஸ்கியில் வெளியிட்டு, பிறகு ஒருங்குறிக்கு மாற்றினார்கள். சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியில் ஒருபுறம் ஒட்டி மறுபுறம் எடுத்துக்கொண்ட பழக்கம் அக்காலத்து வலைப்பதிவர் பலருக்கும் உண்டு. தமிழக அரசும் 2010இல் ஒருங்குறியை ஏற்றது. ஆனால் ஊர்களில், தனி அறைகளில், யாருக்கும் அனுப்பாமல் எழுதிக்கொண்டிருந்தவர்களிடம் அந்த மாற்றம் போய்ச் சேரவில்லை. அவர்களுடைய கோப்புகள் இன்னும் ஆங்கில எழுத்துகளாகவே உறங்குகின்றன. எழுத்துரு தொலைந்த அன்று அவை வெறும் குப்பையாகத் தெரியும். அப்படி எத்தனை வீட்டுப் பரண்களில் எத்தனை பெட்டிகள் இருக்கும் என்று நினைத்தால் மனம் கலங்குகிறது.

மாற்றுவது வெறும் எழுத்துக்கு எழுத்து வேலையன்று. தட்டச்சில் 'கெ' என்பதற்குக் கொம்பை முதலில் அடித்துப் பிறகு ககரத்தை அடிப்போம். ஒருங்குறியில் ககரம் முதலில், கொம்பு பிறகு. கண் காணும் வரிசை ஒன்று, மொழி எண்ணும் வரிசை இன்னொன்று. மாற்றிக்கு இந்த வித்தியாசம் தெரியும். ஆனால் கைதவறி அடித்த இடங்களிலெல்லாம் அது திகைத்து நின்றது. அவற்றை ஒவ்வொன்றாக நாங்கள் திருத்தினோம். அதற்கே இரண்டு மாதம் ஆயிற்று.

மாற்றி முடித்த அன்று அகரவரிசைப்படுத்தும் கட்டளையைக் கொடுத்தோம். கண்ணிமைக்கும் நேரத்தில் அம்மாவிலிருந்து வெள்ளாமை வரை எல்லாம் வரிசையில் நின்றன. சார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாமினியில் இருந்தவரை கணினியால் அவற்றை அகரவரிசையில் அடுக்க முடியாது. அதன் கண்ணுக்கு அவை ஆங்கில எழுத்துகள் அல்லவா? ஆகவே இருபது ஆண்டுகளாக ஒவ்வொரு புதிய சொல்லையும் அதற்குரிய இடத்தைத் தேடிப்போய் அவரே கையால் செருகிவந்திருக்கிறார். "இத்தனை வருசம் நான் செஞ்ச வேலைய இது ஒரு நொடியில செஞ்சிருச்சே" என்றார். அதில் மகிழ்ச்சி எவ்வளவு, வேறொன்று எவ்வளவு என்று எங்களால் பிரித்தறிய முடியவில்லை.

வரிசைப்படுத்தியதில் இரட்டைகள் அடுத்தடுத்து வந்து நின்றன. மீட்ட பதிவும் மறுபடி அடித்த பதிவும். ஒன்றை நீக்கிவிடலாம் என்று படிக்கத் தொடங்கினோம்.

முதலில் எழுதியது இப்படி இருந்தது: "பொழி: இரு புஞ்சைகளுக்கு இடையிலான எல்லை வரப்பு." நினைவிலிருந்து எழுதியது: "பொழி: எல்லை வரப்பு. இதில் நின்று பேசுகிறவர்கள் உட்கார்ந்து பேசுவதில்லை." முதலாவது: "கரம்பை: கண்மாயில் படியும் வண்டல் மண்." இரண்டாவது: "கரம்பை: கண்மாய் வற்றியதும் வெட்டிப் புஞ்சைக்கு அடிக்கும் வண்டல். அத்தை தலைக்குத் தேய்த்துக் குளித்ததும் இதுதான்." முதலாவது: "படப்பு: சோளத்தட்டையை அடுக்கிய போர்." இரண்டாவது: "படப்பு: தட்டைப் போர். படப்பின் உயரத்தைப் பார்த்துப் பெண் கொடுத்ததாக அத்தை சொல்வாள்."

முதல் பதிவுகளில் ஓர் ஆசிரியர் இருந்தார். அத்தை இருந்தது இரண்டாவதில்தான். துண்டுத்தாளைப் பார்த்து அடித்தபோது பொருளை மட்டும் எழுதியவர், தாள் இல்லாதபோது சொன்னவரையும் சேர்த்து நினைவுகூர வேண்டியிருந்தது போலும். இதைச் சொல்லி எங்கள் பிழைக்கு நியாயம் தேடவில்லை. தொலைந்த கால்வாசியில் அவருக்கு நினைவு வராத சொற்களும் உண்டு. அவை என்னவென்றுகூட இனித் தெரியாது.

எதை நீக்கட்டும் என்று கேட்டோம். "ரெண்டும் இருக்கட்டும்" என்றார்.

*

இதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறோம்.

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. உலகெங்கும் 24 கோடிக் கணினிகள் வரை இதனால் பயனற்றுப்போகக்கூடும் என்று கேனலிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 2023லேயே மதிப்பிட்டிருந்தது. பீரோவிலிருந்த மடிக்கணினியும் அந்த வகையைச் சேர்ந்தது. அதன் செயலாக்கி விண்டோஸ் 11 ஏற்கும் தலைமுறைக்கு முந்தையது. பெட்டியை விட்டு வெளியே வராமலே முதுமை எய்திய இயந்திரம். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்தது என்றும், அதில் கால்வாசிகூட முறைப்படி மறுசுழற்சிக்குப் போகவில்லை என்றும் ஐ.நா. அறிக்கை சொல்கிறது. அந்தக் குவியலில் பழுதானவை எத்தனை, ஆதரவு மட்டும் நின்றுபோனவை எத்தனை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் கட்டற்ற மென்பொருளும் என்றென்றைக்குமான வாக்குறுதியன்று. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் கணினிகளில் நிறுவும் வசதியைக் கைவிட்டுவிட்டது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸைப் பிறப்பித்தது 386 செயலாக்கியில். அந்த 386க்கான ஆதரவையே லினக்ஸ் 2013இல் நீக்கிவிட்டது. பிறந்த வீட்டுக்கே அந்த நிலை. எங்கள் பென்டியத்துக்கு முன்னாலுள்ள சாலையும் முடிந்துகொண்டிருக்கிறது. பழையதைக் காப்பதை எல்லா நேரமும் அறமென்று சொல்லவும் முடியவில்லை. அந்தப் பெட்டியும் குழாய்த்திரையும் சேர்ந்து இழுக்கும் மின்சாரத்தில் நாலைந்து மடிக்கணினிகள் ஓடும்.

ஆகவே ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். மடிக்கணினியில் டெபியன் 13ஐ நிறுவி, அதில் ஒருங்குறித் தொகுப்பை வைத்திருக்கிறோம். அதற்கு மூன்று நகல்கள். எங்கள் மூவர் வீட்டிலும் ஒவ்வொன்று. சார் வழக்கம்போலப் பழைய பெட்டியில் பாமினியில் அடிக்கிறார். மாதக் கடைசி ஞாயிறன்று நாங்கள் போய் எடுத்து, மாற்றி, வரிசையில் சேர்க்கிறோம். எடுப்பதற்கு முன் சி, டி என்று இப்போது அவரே சிரித்துக்கொண்டு நினைவூட்டுகிறார்.

போன மாதம் போனபோது அவர் பழைய பதிவுகளைத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார். எதுவும் தொலைந்துவிட்டதா சார் என்று பதறிக் கேட்டோம். "தொலையல. ஆனா ஒவ்வொண்ணையும் யார் சொன்னாங்கன்னு எழுதாம விட்டுட்டேன். இப்ப 'அ'வுலருந்து ஆரம்பிச்சிருக்கேன்" என்றார். அவருக்கு வயது எழுபத்தெட்டு. பெட்டிக்கு இருபதுக்கு மேல். மூவாயிரம் சொற்கள் இருக்கின்றன. மின்வழங்கியை மறுபடி ஒருமுறை திறந்து புழுதி தட்டிவிட்டு வந்தோம்.